லொக் நெவிஸ்: கடல் நுழைந்த பள்ளத்தாக்கில் ஒரு பாடம்



இந்தப் பாடத்தில் தூர தேசத்துக் கடற்கரை ஒன்றுக்குப் போய்வருவோம். ஸ்கொட்லாந்தின் மேற்குக் கரையில் லொக் நெவிஸ் என்றோர் இடம் உண்டு. மலை, நீர், மேகம், அமைதி என்று அதன் அழகைப் பார்ப்பதற்காகவே ஆட்கள் அங்கே போகிறார்கள். நாட்காட்டிகளிலும் தபாலட்டைகளிலும் அச்சிடப்படுகின்ற வகைக் காட்சி அது.

ஆனால் மண்வெட்டி பிடித்துப் பழகிய ஒருவர் அந்தக் கரையில் இறங்கினால் மலையை முதலிற் பார்க்கமாட்டார். மலையடியில், கரையோரமாக, சுற்றிலுமுள்ள கபிலநிறப் பற்றையிலிருந்து பிரிந்து தெரியும் பச்சைத் திட்டுகளே அவருடைய கண்ணிற் படும். "இங்கே யாரோ பயிர் வைத்திருக்கிறார்கள்" என்று சொல்லுவார். அவர் சொல்வது சரி. அந்தத் திட்டுகளைப் பற்றியதுதான் இப்பாடம். குழுவாகக் கூடுவோர் ஒருவர் உரத்து வாசிக்க மற்றவர்கள் கேட்கலாம். இடையில் நிறுத்திப் பேசவேண்டிய இடங்களும் உண்டு.

கடல் உள்ளே வந்த விதம்

'லொக்' என்பது கேலிக் மொழிச் சொல். அது ஏரியையும் குறிக்கும், நிலத்துக்குள் நீண்டு கிடக்கும் கடலின் கையையும் குறிக்கும். லொக் நெவிஸ் இரண்டாவது வகை. பூமிசாத்திரப் புத்தகங்களில் இதனை நுழைகழி என்று எழுதுவார்கள்.

நம்முடைய களப்புகளை மனதில் வைத்துக்கொண்டு இதைக் கற்பனை செய்தால் பிழைத்துப்போகும். களப்பு ஆழமற்றது, பல இடங்களில் இறங்கி நடக்கலாம். இதுவோ மலையைக் குடைந்தெடுத்த தொட்டி. பனிக்கட்டிக் காலத்தில் இந்தப் பள்ளத்தாக்குகளில் நீர் ஓடவில்லை. பல நூறு அடித் தடிப்பான பனிக்கட்டியே ஆறுபோல மெதுவாக நகர்ந்தது. அது கல்லையும் மண்ணையும் அரைத்துக்கொண்டு போனதனால், பள்ளத்தாக்கின் அடி கடல் மட்டத்துக்கும் கீழே போய்விட்டது. ஏறத்தாழ 11,500 ஆண்டுகளுக்கு முன் கடைசிப் பனிக்கட்டியும் உருகி முடிந்தது. அந்தப் பள்ளங்களைக் கடல் நிரப்பியது. இத்தகைய கழிகளின் வாயிலோ இடையிலோ, பனிக்கட்டி அவ்வளவு ஆழமாகத் தோண்டாமல் விட்ட மேடுகள் நீருக்கடியில் வாசற்படிபோலக் கிடப்பதுண்டு.

இன்னுமொரு சங்கதி நடந்தது. பனிக்கட்டியின் பாரம் நீங்கியதும், பாரமேற்றிய வண்டில் இறக்கியதும் நிமிர்வதைப்போல நிலம் மெதுவாக மேலெழுந்தது. அதனால் பழைய கடற்கரைகள் சில இன்றைய நீர்மட்டத்துக்கு மேலே தட்டையான படிகளாக நின்றுவிட்டன. சரளை கலந்த, நீர் வடியக்கூடிய மண். ஆறுகள் வந்து விழும் வாய்களிலும் வண்டல் படிந்த சிறு சமநிலங்கள் உண்டாயின. மற்றதெல்லாம் செங்குத்தான பாறையும் ஈரக் கரிமண்ணும். அந்தச் சிறு சிறு துண்டுகளில் மட்டுமே மனிதன் பயிரிடலாம். இந்த ஒரு விடயத்தை நினைவில் வைத்திருங்கள். பின்னால் வரும் துன்பம் முழுவதும் இதிலிருந்துதான் பிறக்கிறது.

வற்றுப்பெருக்கையும் சொல்லவேண்டும். நம்முடைய கடல் இரண்டு மூன்றடி ஏறியிறங்கினாலே அதிகம். அங்கே அமாவாசை, பௌர்ணமியை ஒட்டிய நாட்களில் பன்னிரண்டு பதின்மூன்றடிக்கு மேல் ஏறி இறங்குகிறது. காலையில் தோணி மிதந்த இடத்தில் மத்தியானம் பாசி படர்ந்த கல் தெரியும். அந்தப் பாசி அவர்களுக்குக் குப்பையல்ல. அதை அடுத்துப் பார்ப்போம்.

நெவிஸ் என்ற பெயர் சொர்க்கம் என்ற சொல்லிலிருந்து வந்தது என்றும், வடக்கே மலைக்கு அப்பாலுள்ள லொக் ஹூர்ன் என்ற மற்றக் கழியின் பெயர் நரகத்திலிருந்து வந்தது என்றும் அவ்வூரில் ஒரு பழைய பேச்சு உண்டு. இரண்டு கழிகளுக்கும் நடுவில் கிடக்கும் மலைநாட்டின் பெயர் நொய்டாட்.

போகும் வழி

கிளாஸ்கோ நகரிலிருந்து புகையிரதம் மேற்கு மலைகளைச் சுற்றிச் சுற்றி மாலெய்க் என்ற மீன்பிடித் துறைமுகத்துக்கு வருகிறது. 1901 ஆம் ஆண்டு திறக்கப்பட்ட பாதை. அதற்கு அப்பால் தண்டவாளமும் இல்லை, நொய்டாட்டுக்குத் தெருவும் இல்லை. படகு ஏறவேண்டும். அல்லது லொக் ஹூர்ன் கழியின் தலைப்பிலிருந்து மலைப்பாதையால் ஏறத்தாழ 16 மைல் நடக்கவேண்டும். வழமையாக இரண்டு நாள் எடுத்துக்கொள்வார்கள். தீவல்லாத, பெருநிலத்தோடு ஒட்டிய ஓர் ஊர். ஆனாலும் மற்ற ஊர்களின் தெருக்களோடு அதன் தெரு தொடுக்கப்படவில்லை.

படகு முக்கால் மணித்தியாலத்துக்குள் இன்வெரி குடாவுக்குள் திரும்பும். வாயிலில் ஒரு முனைக்கல்லின்மேல் வெள்ளை நிற மாதா சொரூபம் நிற்கிறது. பிறகு நீரைப் பார்த்தபடி ஒரே வரிசையில் வெள்ளைச் சுவர் வீடுகள், ஓர் இறங்குதுறை, பின்னால் மலை. லாவன் என்று சொல்லப்படும் உயர்ந்த சிகரம் 1,020 மீற்றர். கழியின் உட்புறத்தில் இரண்டு கரைகளும் நெருங்கி ஓர் ஒடுக்கமான வாய்க்கால்போல் ஆகி, அதற்கு அப்பால் மறுபடியும் விரிந்த நீர்ப்பரப்பு. மழை வருடத்துக்கு நூறு அங்குலத்துக்கு மேல் பெய்யும். கோடையில், ஆனி மாதத்தில், இரவு பத்து மணிக்கும் வெளிச்சம் இருக்கும். அந்த வெளிச்சத்தோடு கண்ணுக்குத் தெரியாத அளவு சிறிய கடிக்கும் பூச்சிக் கூட்டமும் வரும். தபாலட்டையில் இந்தப் பூச்சி விழுவதில்லை.

மண்ணை வாசித்தல்

இறங்குதுறையிலிருந்து கரையோரமாக நடந்தால் முதலில் தெரிவது பன்னம். இடுப்பளவு வளர்ந்து சரிவை மூடியிருக்கும். சுற்றுலாப் பயணிக்கு அது காட்டுச்செடி. ஆனால் பன்னம் ஆழமான, நீர் தேங்காத மண்ணையே விரும்பும். பன்னம் நிற்கும் நிலம் பொன், குறுஞ்செடிப் பற்றை நிற்கும் நிலம் பஞ்சம் என்ற பொருளில் அந்த மலைநாட்டு விவசாயிகள் மண்ணைக் கணிப்பார்கள். அப்படியானால், இன்று பன்னம் மூடிக் கிடப்பது அவர்களின் நல்ல நிலம்.

பன்னத்தினிடையே ஓரிடத்தில் காஞ்சோண்டி வகையைச் சேர்ந்த ஒரு செடி அடர்ந்து நிற்கும். தொட்டால் கையெல்லாம் எரியும். அருகே போய்ப் பார்த்தால் முழங்காலளவு உயரத்தில் கற்சுவர் இருக்கும். காரணம் இதுதான்: மாடு கட்டிய இடம், சாம்பல் கொட்டிய இடம், எரு குவித்த இடம் ஆகியவற்றில் பொசுபரசு என்ற சத்து மண்ணில் தங்கிவிடும். நூறு, நூற்றைம்பது வருடம் சென்றாலும் அது இலகுவில் கழுவுப்பட்டுப் போகாது. காஞ்சோண்டி அதைத் தேடி முளைக்கும். கூரை போய், மரம் போய், பெயர் மறந்துபோன பின்னும் அந்த இடத்தில் ஒரு குடும்பம் இருந்தது என்பதற்குச் செடி சாட்சி சொல்கிறது.

அதற்கு மேலே சரிவைப் பாருங்கள். நடுப்பகலில் ஒன்றும் தெரியாது. மாலை வெயில் சாய்ந்து விழும் நேரத்தில், துணியில் மடிப்புத் தெரிவதுபோல, மேலிருந்து கீழாக வரிவரியாக மேடும் பள்ளமும் தெரியும். இவை பாத்திகள். இவற்றைப் போட்ட முறை விவசாயிகள் அறியவேண்டியது.

மண் அங்கே புளிப்பு. மழையினால் சத்தெல்லாம் கழுவுப்படும். கீழே பாறையும் களியும் இருப்பதால் நீர் தேங்கும். ஆகவே அவர்கள் நிலத்தை முழுவதாகக் கொத்தவில்லை. சில அடி அகலமான ஒரு கீலத்தைப் புல்லோடு அப்படியே விட்டு, அதன்மேல் கடற்கரையிலிருந்து கொண்டுவந்த பாசியையும் மாட்டெருவையும் பரப்புவார்கள். பிறகு அந்தக் கீலத்தின் இருபக்கமும் வாய்க்கால் வெட்டி, வெட்டிய புற்கட்டிகளைக் குப்புறக் கவிழ்த்துப் பாசியின் மேல் மூடுவார்கள். புல்லோடு புல் முகம்பார்த்து உள்ளேயே அழுகிப் பசளையாகும். வாய்க்கால் மழைநீரை வடிக்கும். பாத்தி உயர்ந்து காய்ந்து சூடேறும். அதில் உருளைக்கிழங்கு நடலாம், அடுத்த முறை ஓட்ஸ் அல்லது வாற்கோதுமை விதைக்கலாம். ஏர் போகாத சரிவில் இந்த வெட்டு வேலைக்கென்று வளைந்த கைபிடியும் காலால் மிதிக்கும் அலகும் உள்ள ஒரு கருவி வைத்திருந்தார்கள். சாதாளை அள்ளித் தோட்டத்துக்குப் போட்ட நமது தீவுப்பகுதிப் பெரியவர்களுக்கு இதில் பாதியை விளக்கவேண்டியதில்லை.

இந்த முறைக்கு ஆங்கிலத்தில் வைத்த பெயர் 'சோம்பேறிப் பாத்தி'. நிலம் முழுவதையும் கொத்தாமல் விடுகிறார்களாம். நீர் சொட்டும் பாசியை முதுகுக் கூடையிற் சுமந்து அந்தச் செங்குத்துச் சரிவில் ஏற்றிய பெண்கள் இப்பெயரைக் கேட்டால் என்ன சொல்லியிருப்பார்கள் என்று நினைக்கத் தோன்றுகிறது.

இன்னும் மேலே, மலையின் மடியில், தனித்தனியான சிறு பச்சை வட்டங்கள் இருக்கும். அவை கோடைப் பட்டிகள். பயிர் நிற்கும் காலத்தில் பெண்களும் பிள்ளைகளும் மாடுகளை மேலே கொண்டுபோய், சிறு குடில்களில் தங்கி, வெண்ணெயும் பாற்கட்டியும் செய்தார்கள். கீழே பயிர் காக்கப்பட்டது, மேலே மாடு கொழுத்தது. வாடகைக் காசு பெரும்பாலும் மாடு விற்ற காசு. வருடத்தில் சில மாதம் ஹெரிங் மீன் கூட்டம் கூட்டமாகக் கழிகளுக்குள் வரும். வந்தால் உண்டு, வராத வருடங்களும் உண்டு. மலையும் வயலும் கடலும் மூன்றும் சேர்ந்ததுதான் ஒரு குடும்பத்தின் சீவனோபாயம். ஒன்றை எடுத்தால் மற்ற இரண்டும் நில்லா.

இங்கே வாசிப்பை நிறுத்திச் சற்றுப் பேசுங்கள். நீங்கள் விட்டுவந்த காணிக்கு, அதை அறியாத ஒருவர் இன்று போனால், அங்கே குடும்பம் வாழ்ந்தது என்பதை எந்த அடையாளங்களால் அறிவார்? கிணற்றுக்கட்டா, வேலிப் பூவரசா, வரம்பா, மாட்டுத் தொட்டியா? எது முதலில் அழியும், எது கடைசிவரை நிற்கும்?

ஆட்டுக்கு ஏன் வயல் தேவைப்பட்டது

நொய்டாட் மக்கள் மக்டொனல் குலத்தார், பெரும்பாலும் கத்தோலிக்கர். குலத்தலைவர் போருக்கு அழைத்தால் போவார்கள். அதற்கு ஈடாகத் தலைமுறை தலைமுறையாக அந்த நிலத்தில் இருக்கும் உரிமை தங்களுக்கு உண்டு என்று நம்பினார்கள். அந்த உரிமைக்குக் கேலிக் மொழியில் ஒரு சொல்லும் இருந்தது. ஆனால் சொல் இருந்ததே தவிர உறுதி இருக்கவில்லை. கடதாசியில் நிலம் தலைவர் ஒருவருக்கே சொந்தம். மற்றவர்கள் வருடத்துக்கு வருடம் வாடகை கொடுக்கும் குடிகள். 1746 இல் கலொடன் போரில் மலைநாட்டுப் படை தோற்று, குலத் தலைமையின் அதிகாரத்தை அரசாங்கம் பறித்த பின், தலைவர்களுக்குப் போர்வீரர் தேவைப்படவில்லை. காசு தேவைப்பட்டது. 1786 இலேயே இப்பகுதியிலிருந்து ஏறத்தாழ 500 பேர் ஒரு கத்தோலிக்க குருவானவருடன் கப்பலேறிக் கனடா சென்றனர். ஒன்ராறியோ மாகாணத்தின் கிழக்கில் கிளென்கரி என்ற பெயரில் இன்றும் ஒரு பகுதி இருப்பது அவ்வாறு போனவர்களால்தான்.

காசு தரக்கூடியது செம்மறியாடு. இங்கே ஒரு கேள்வி எழும். மலை எவ்வளவோ பெரியது. ஆடு மலையில் மேயட்டும், மக்கள் கரையோரத்தில் பயிரிடட்டும் என்று விட்டிருக்கலாமே? விட முடியாது. கோடையில் மலைமேய்ச்சல் தாராளம். ஆனால் மாரியில் மேலே பனி. அப்போது மந்தை கீழே இறங்கி மேயாவிட்டால் செத்துப்போகும். கீழே இருப்பது எது? நாம் முதலிற் பார்த்த அந்தச் சிறு சிறு பச்சைத் துண்டுகள். ஆயிரம் ஏக்கர் மலை இருந்தும் அதன் பெறுமதி அடிவாரத்திலுள்ள சில ஏக்கரில் தங்கியிருந்தது. ஆகவே மனிதர் இருந்த நல்ல நிலமே முதலில் வெறுமையாக்கப்பட்டது.

1846 இல் உருளைக்கிழங்கில் நோய் விழுந்தது. வருடக்கணக்காக உணவு இல்லை, வாடகை நிலுவை ஏறியது. 1845 இல் வந்த ஏழைகள் சட்டத்தின்படி, ஊரிலுள்ள வறியவர்களைத் தாங்கும் செலவுக்கான வரியில் காணிச் சொந்தக்காரரும் பங்கு கொடுக்கவேண்டியிருந்தது. குடிகள் இருந்தால் செலவு, இல்லாவிட்டால் விலை கூடும் என்ற நிலை. 1852 இல் கிளென்கரித் தலைவர் இறந்தார். மகன் சட்டப்படி பராயமடையாதவர். விதவையான யோசபின் மக்டொனல் பொறுப்பேற்றார். 1853 இல் குடிகளுக்குச் செய்தி போயிற்று: நிலத்தை விட்டுப் போகவேண்டும், வாடகை நிலுவை தள்ளுபடி, கப்பற் பயணம் இலவசம். முதலில் அவுஸ்திரேலியா என்றார்கள். பிறகு வட அமெரிக்கா என்று மாற்றினார்கள்.

அவ்வாண்டு கோடை முடிவில் 'சிலெரி' என்ற கப்பல் எதிரேயுள்ள ஸ்கை தீவின் துறையில் வந்து நின்றது. படகுகள் கரைகரையாகப் போய் ஆட்களை ஏற்றின. முந்நூறுக்கு மேற்பட்டோர் ஏறினர். அவர்கள் ஏறியவுடனேயே வீடுகள் இடிக்கப்பட்டன. திரும்பி வந்து குடியிருக்க முடியாதபடி செய்வதுதான் நோக்கம்.

சில குடும்பங்கள் ஏற மறுத்தன. முதியவர்களும் நோயாளரும் அவர்களிடையே இருந்தனர். அவர்களுடைய வீடுகளும் இடிக்கப்பட்டன. இடிந்த சுவரோடு சாய்த்துத் துணியாலும் தடியாலும் ஒதுக்கிடம் கட்டினார்கள், அதையும் வந்து பிரித்தார்கள், மறுபடி கட்டினார்கள், மறுபடியும் பிரித்தார்கள். அவர்களைத் தங்கவைக்க வேண்டாமென்று மற்றக் குடிகளுக்கும் தடை. கொல் மக்டொனால்ட் என்ற குருவானவர் சண்டெய்க் என்ற இடத்தில் தன்னுடைய தோட்டத்துக்குள் கூடாரம் அடித்துச் சிலரை வைத்திருந்தார். அந்தத் தோட்டம் ஒன்றில்தான் யாரும் கை வைக்கவில்லை.

இவையெல்லாம் நமக்கு எப்படித் தெரியும்? கிளாஸ்கோவைச் சேர்ந்த டொனால்ட் றொஸ் என்பவர் அங்கு நேரிற் போய்ப் பார்த்து, குடும்பம் குடும்பமாக, யார் எந்த நிலையில் இருக்கிறார் என்று எழுதி, அதே 1853 இல் ஒரு சிறுநூலாக வெளியிட்டார். அவருடைய நூல் எவரையும் திரும்பக் குடியேற்றவில்லை. ஆனால் இந்தச் சம்பவம் ஒரு வதந்தியாகிப் போகாமல் தடுத்தது.

1857 இல் நொய்டாட், இரும்பாலைச் சொந்தக்காரர் ஒருவருக்கு விற்கப்பட்டது. ஆட்டிலும் இலாபம் நெடுநாள் நிற்கவில்லை. அவுஸ்திரேலியக் கம்பளியும், பின்னர் குளிரூட்டிய கப்பல்களில் வந்த நியூசிலாந்து இறைச்சியும் விலையை வீழ்த்தின. அதன்பின் மலைநாட்டின் பெரும்பகுதி, பணக்காரர் வருடத்தில் சில வாரம் வந்து மான் சுடும் இடமாயிற்று. இன்று பயணிகள் வியக்கும் அந்தத் தனிமை மலைக்கு இயற்கையாக வந்ததல்ல. அது ஒரு கணக்கின் விடை.

சட்டம் வந்தபோது

மற்ற இடங்களில், சிறப்பாக ஸ்கை தீவில், குடிகள் வாடகை மறுத்தும் மேய்ச்சல் நிலத்தில் புகுந்தும் போராடினர். அரசாங்கம் விசாரணைக்குழு ஒன்றை அனுப்பியது. 1886 ஆம் ஆண்டு சிறுகுடிகள் சட்டம் நிறைவேறியது. நியாயமான வாடகை, நினைத்தபடி வெளியேற்ற முடியாத பாதுகாப்பு, பிள்ளைக்குக் கொடுக்கும் உரிமை, செய்த திருத்தத்துக்கு நட்டஈடு ஆகிய நான்கும் அதில் இருந்தன. பெரிய வெற்றி. ஆனால் அது அன்று நிலத்தில் இருந்தவர்களுக்கே கிடைத்தது. நொய்டாட்டில் முப்பத்துமூன்று வருடத்துக்கு முன்பே கப்பல் போய்விட்டது.

1919 இல் இன்னொரு சட்டம், போரிலிருந்து திரும்பியோர் உட்பட நிலமற்றோருக்கு நிலம் வழங்குவதற்காக வந்தது. அதை நம்பி 1948 கார்த்திகையில் ஏழு ஆண்கள் நொய்டாட்டில் பயன்படுத்தப்படாமற் கிடந்த நிலத்தில் முளையடித்து எல்லை போட்டு வேலை தொடங்கினார்கள். அவர்களில் உலகப் போரில் பணியாற்றித் திரும்பியவர்களும் இருந்தனர். பங்குக் குருவானவர் கொலின் மக்பேர்சன் அவர்களுக்குத் துணைநின்றார். அப்போதைய காணிச் சொந்தக்காரர் புரொக்கெட் பிரபு. 1939 இல் ஹிட்லரின் ஐம்பதாவது பிறந்தநாள் விழாவுக்குப் போய்வந்தவர். அவர் நீதிமன்றத்தில் தடையுத்தரவு பெற்றார். ஏழு பேரும் சட்ட ஆலோசனையைக் கேட்டு, நிலத்தை விட்டு இறங்கி, வழக்கு வழியாகக் கேட்டார்கள். வழக்கிலும் தோற்றார்கள், அரசாங்கம் நடத்திய விசாரணையும் அவர்களுக்கு எதிராகவே முடிந்தது.

அவர்கள் இறங்காமல் நின்றிருந்தால் வென்றிருப்பார்கள் என்று பின்னர் பலர் எழுதியுள்ளனர். மேற்குத் தீவுகளில் 1920களில் நிலத்துக்குள் புகுந்து நின்ற சிலருக்கு அரசாங்கம் கடைசியில் காணி கொடுத்தது உண்மை. ஆனால் ஏழு பேர் மட்டும், சிறைக்குப் போவதற்கும் ஆயத்தமாக, குடும்பத்தை எவர் பார்ப்பது என்று தெரியாமல் எவ்வளவு காலம் நிற்பது? தூரத்திலிருந்து தீர்ப்புச் சொல்வது சுலபம். இதைக் குழுவிற் பேசிப் பார்க்கலாம்: வழக்கை நம்புவதா, இடத்தை விடாதிருப்பதா என்ற கேள்வி உங்களில் எவருக்காவது வந்ததுண்டா? வந்தபோது யாருடைய ஆலோசனையைக் கேட்டீர்கள்?

ஏழு பேருக்கான நினைவுக் கற்குவியல் 1991 இல் இன்வெரியில் திறந்துவைக்கப்பட்டது. படகால் இறங்கி நடந்தால் காணலாம்.

திரும்பி வந்தது எது

அதன் பின்னும் காணி கைமாறிக் கைமாறிப் போனது. துண்டுதுண்டாகவும் விற்கப்பட்டது. 1980களின் தொடக்கத்தில் இராணுவப் பயிற்சிக்காக வாங்கும் யோசனையும் இருந்து, எதிர்ப்பினால் கைவிடப்பட்டது. வாடகை வீட்டில் இருந்தவர்களுக்கு அடுத்த சொந்தக்காரர் யார் என்று தெரியாது. கூரை ஒழுகினால் யாரிடம் சொல்வதென்றும் தெரியாது.

இதற்கிடையில் வடக்கே அசின்ட் என்ற இடத்துச் சிறுகுடிகள் 1993 இல் தாங்கள் குடியிருந்த காணியைச் சேர்ந்து விலைக்கு வாங்கினர். 1997 இல் எய்க் தீவு மக்கள் தங்கள் தீவை வாங்கினர். நொய்டாட் மக்களும் ஓர் அமைப்பாகச் சேர்ந்தனர். காணியை வைத்திருந்த நிறுவனம் கடனில் மூழ்கியபோது, உள்ளூராட்சி, இயற்கைப் பாதுகாப்பு அமைப்புகளும் தனிப்பட்ட நன்கொடையாளரும் துணைநிற்க, 1999 பங்குனியில் ஏறத்தாழ 17,000 ஏக்கரை 7,50,000 பவுணுக்கு வாங்கினார்கள். குடாநாடு முழுவதுமல்ல, இன்வெரியும் அதைச் சூழ்ந்த பகுதியும். 2003 இல் ஸ்கொட்லாந்துப் பாராளுமன்றம் செய்த காணிச் சீர்திருத்தச் சட்டம், ஊர் அமைப்பொன்று முன்கூட்டியே தன் விருப்பத்தைப் பதிவுசெய்திருந்தால், காணி விலைக்கு வரும்போது முதலில் வாங்கும் உரிமையை அதற்குக் கொடுத்தது. "முன்கூட்டியே" என்ற சொல்லைக் கவனியுங்கள். விற்பனைப் பலகை வைத்தபின் கூடிப் பேசுகிற ஊருக்கு அதே அளவு வசதி இல்லை.

வாங்கிய பின்தான் வேலை தொடங்கியது. நாட்டின் மின்கம்பி அங்கே வருவதில்லை. மலையோடையின் நீரால் ஓடும் 280 கிலோவாற் மின்நிலையம் ஒன்று பழுதடைந்த நிலையிற் கிடந்தது. அதைத் திருத்தி ஊரே நடத்துகிறது. ஊரே கட்டணம் அறவிடுகிறது. நாட்டு மரங்களை நட்டார்கள். கன்றுகளைத் தின்னாதபடி மான்களின் தொகையைக் கட்டுப்படுத்துகிறார்கள், அந்த இறைச்சியையும் விற்கிறார்கள். 2022 இல் ஊரிலுள்ள ஒரேயொரு தவறணையையும் கூட்டாக வாங்கினார்கள். பிரித்தானியப் பெருநிலத்தில் மிகவும் ஒதுக்கமான தவறணை என்று பெயர்பெற்றது அது. பயணிகள் மலைப்பாதையால் நடந்துவந்து முதலில் தேடும் இடமும் அதுவே. வருமானம் ஊருக்குள் நிற்கிறது.

இவ்வளவும் நல்லதே. ஆனாலும் ஒன்றை ஒளிக்காமற் சொல்லவேண்டும். 1853 இல் கப்பலேறியவர்களின் சந்ததி திரும்பி வரவில்லை. இன்று அங்கே வசிப்போர் நூறைச் சற்றுத் தாண்டுவர். அவர்களிற் பெரும்பாலோர் பிற்காலத்தில் வேறிடங்களிலிருந்து வந்து குடியேறியவர்கள். நிலம் ஊரிடம் வந்தது. போன ஊர் வரவில்லை. 146 வருடம் என்பது ஐந்து தலைமுறை. கனடாவில் பிறந்த பேரப்பிள்ளைக்கு எந்தப் பாத்தி தன் பாட்டனுடையது என்று காட்ட எவரும் இல்லை. வாடகைப் புத்தகத்தில் சொந்தக்காரருக்கு வேண்டிய கணக்கு இருந்தது. குடிகளிடம் தாங்கள் எழுதி வைத்தது என்று அநேகமாக ஒன்றும் இல்லை. காஞ்சோண்டி இடத்தைக் காட்டும், பெயரைச் சொல்லாது.

வீட்டு வேலை

அடுத்த கூட்டத்துக்கு வருமுன் ஒவ்வொரு குடும்பமும் ஒரு பெரிய தாளில் தங்கள் காணியின் படத்தை நினைவிலிருந்து வரையவும். அளவு சரியாக வரவேண்டியதில்லை. காணியின் பெயர், நான்கு எல்லையிலும் உள்ள அயலவரின் பெயர், பாதை எந்தப் பக்கம், கிணறு எவ்விடம், நிலையான மரங்கள் எவை, வாய்க்கால் எங்கிருந்து வந்து எங்கே போகிறது, எந்தத் துண்டில் எந்தப் போகம் என்ன விதைத்தீர்கள் என்பனவற்றைக் குறிக்கவும். உறுதியோ பேமிட்டோ கையில் இருந்தால் அதன் இலக்கத்தையும் ஆண்டையும் ஓரத்தில் எழுதவும். தொலைந்திருந்தால் எந்த நொத்தாரிசு, எந்தக் கந்தோர், ஏறக்குறைய எந்த ஆண்டு என்பதையாவது எழுதவும். இடையில் அரசாங்கக் கந்தோர்களுக்குக் கொடுத்த விண்ணப்பங்களின் திகதிகளும் வேண்டும். பெரியவர்கள் சொல்ல, எழுதத் தெரிந்த பிள்ளைகள் எழுதட்டும். இரண்டு பிரதி செய்து ஒன்றை வேறொரு வீட்டில் வைக்கவும். வரைந்த திகதியையும், சொன்னவரின் பெயரையும் கீழே போட மறக்கவேண்டாம்.